சூடோமோனாஸ் ஜீனோம் டேட்டாபேஸ்: இலவசம், நம்பலாம், ஆனால் நோயாளியின் நுரையீரலை இங்கே தேடாதீர்கள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் நுரையீரலில் குடியேறும் கிருமிகளைப் பற்றிப் படிக்கிற எவரும், எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்கிற பிள்ளைகள் தொடங்கி ஆராய்ச்சி மாணவர்கள் வரை, ஏதோ ஒரு கட்டத்தில், சூடோமோனாஸ் என்ற கிருமியின் மரபணுத் தகவல்களைத் தொகுத்து வைத்திருக்கும் சூடோமோனாஸ்.காம் தளத்துக்குள் வந்தே தீருவார்கள். கட்டுரையில் வாயில் நுழையாத ஒரு மரபணுப் பெயர் வரும், தேடினால் முதல் சில விடைகளிலேயே இந்தத் தளம் நிற்கும், உள்ளே போனால் அட்டவணை மேல் அட்டவணையாக எண்கள். பாதிப்பேர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். அது அநியாயம், ஏனென்றால் இந்தத் துறையில் காசில்லாமல் கிடைக்கிற நல்ல சேவைகளில் இது ஒன்று. அதே சமயம் இதை முழுசாக நம்பி, நோயாளியின் நுரையீரலில் என்ன நடக்கிறது என்று இங்கேயே புரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். இரண்டையும் சொல்வதற்குத்தான் இந்த விமர்சனம்.

முதலில் யார் நடத்துகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ஃபியோனா பிரிங்க்மன் குழுவினர் நடத்துகிறார்கள். அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை இதற்கு நிதி கொடுத்திருக்கிறது. பதிவு செய்ய வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், பல்கலைக்கழக மின்னஞ்சல் கேட்பதில்லை. பெரிய ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்ட வசதியில்லாத கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தக் கிருமிக்கும் இந்த நோய்க்கும் என்ன தொடர்பு என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பரம்பரை நோய். ஏழாவது குரோமோசோமில் சிஎஃப்டிஆர் என்றொரு மரபணு இருக்கிறது, 1989-ல் டொரான்டோவில் லாப்-சீ சூய், ஜாக் ரியோர்டன் ஆகியோரும் மிச்சிகனில் ஃபிரான்சிஸ் காலின்ஸும் சேர்ந்து கண்டுபிடித்தது. 1480 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதத்துக்கான குறிப்பு அதில் இருக்கிறது. குளோரைடையும் பைகார்பனேட்டையும் செல்லுக்கு வெளியே விடுவது அந்தப் புரதத்தின் வேலை. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் நோய். மிக அதிகமாகக் காணப்படும் பழுதில் மூன்றே மூன்று டிஎன்ஏ எழுத்துகள்தான் விட்டுப்போயிருக்கும், அதனால் 508-ஆவது இடத்தில் ஒரு ஃபினைல்அலனின் காணாமல் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் மூச்சுக்குழாயின் சளி கெட்டியாகி வெளியேறாமல் தேங்கிவிடுகிறது. 2012-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் இந்த நோயுள்ள பன்றிக்குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: மூச்சுக்குழாயின் மேல் படர்ந்திருக்கும் நீர்ப்படலம் கொஞ்சம் அமிலமாகிவிடுவதால், கிருமியைக் கொல்லும் இயற்கையான சக்தியும் அதில் குறைந்துவிடுகிறது. சளியும் தேங்குகிறது, காவலும் தளர்கிறது. சிறு வயதில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே வரும், வளர வளர சூடோமோனாஸ் ஏருஜினோசா வந்து நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். மண்ணிலும் தண்ணீரிலும் சிங்க் குழாயின் ஈரத்திலும் சாதாரணமாக வாழ்கிற கிருமி இது, ஆரோக்கியமான நுரையீரலை ஒன்றும் செய்வதில்லை.

சரி, தளத்துக்கு வருவோம்.

இந்தத் தளத்தின் முதுகெலும்பு பிஏஓ1 என்ற ஒரே ஒரு சூடோமோனாஸ் ஏருஜினோசா வகையின் ஜீனோம், அதாவது அதன் முழு டிஎன்ஏ வரிசை. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் பாத்தோஜெனிசிஸ் என்ற நிறுவனமும் சேர்ந்து வரிசைப்படுத்தி 2000-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சுமார் 63 லட்சம் எழுத்துகள், 5570 மரபணுக்கள். அதுவரை வரிசைப்படுத்திய பாக்டீரியா ஜீனோம்களில் அதுதான் பெரியது. அதில் 8 சதவீதத்துக்கும் மேல் மற்ற மரபணுக்களை ஏற்றி இறக்கும் ஒழுங்குபடுத்தும் மரபணுக்கள், ஒரு பாக்டீரியாவுக்கு இது ரொம்ப அதிகம். எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும் குணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுவே பாதி விடை. இந்த பாத்தோஜெனிசிஸ் நிறுவனம்தான் மூச்சில் இழுக்கிற டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கொண்டுவந்தது என்பதையும் நினைவில் வையுங்கள், அந்த மருந்து பின்னால் இன்னொரு மரபணுப் பக்கத்தில் வரும். வரிசைப்படுத்திய காலத்திலேயே பல நாட்டு ஆய்வாளர்கள் இணையம் வழியாக மரபணுக்களுக்கு விளக்கம் எழுதிச் சேர்த்தார்கள், அந்தக் கூட்டு முயற்சிதான் இந்தத் தளத்தின் வேர்.

தேடுவது எளிது. மரபணுவின் பெயரை ஆங்கிலச் சுருக்கத்தில் அடிக்கலாம், அல்லது பிஏ என்று தொடங்கும் அதன் எண்ணை அடிக்கலாம். எண்ணை அடிப்பதே நல்லது என்பேன். ஒரே மரபணுவை ஒரு குழு ஆல்ஜி-யு என்றும் இன்னொரு குழு ஆல்ஜி-டி என்றும் எழுதிக்கொண்டிருக்கும், ஆங்கிலத்தில் அந்த டி என்பது T, ஆல்ஜி-டி என்றே வரும் வேறொரு முக்கியமான மரபணுவின் டி என்பது D. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. பிஏ0762 என்று அடித்துவிட்டால் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு மரபணுவுக்கும் தனிப் பக்கம்: எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, டிஎன்ஏ வரிசை, புரத வரிசை, புரதம் செல்லில் எந்த இடத்தில் இருக்கும் என்ற கணிப்பு, மற்ற சூடோமோனாஸ் வகைகளில் அதன் இணை, எந்த உயிர்வேதிப் பாதையில் வருகிறது, அந்த மரபணுவை உடைத்த திரிபு, அதாவது அது மட்டும் செயலிழந்த கிருமி, ஆய்வகச் சேமிப்பில் கிடைக்குமா என்ற தகவல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நம்பிக்கைத் தரவரிசை. ஒரு மரபணுவின் வேலை இது என்று சொல்லும்போது, அதை இந்தக் கிருமியிலேயே சோதனை செய்து நிரூபித்திருக்கிறார்களா, வேறு உயிரியில் நிரூபித்ததை வைத்துச் சொல்கிறார்களா, அல்லது வரிசை ஒற்றுமையை வைத்து ஊகமா என்று ஒன்றிலிருந்து நான்கு வரை வகுப்பு போட்டிருக்கிறார்கள். எத்தனையோ தளங்கள் ஊகத்தையும் உண்மையையும் ஒரே எழுத்தளவில் அச்சிட்டு மாணவர்களைக் குழப்புகின்றன. இங்கே ஒரு மரபணுவைப் பற்றி நான்கு பக்கம் எழுதப் போகிறவர் முதலில் அந்த வகுப்பைப் பார்க்கலாம். நான்கு என்று இருந்தால் நான்கு பக்கம் எழுத விஷயம் இருக்காது.

ஒரு நல்ல உதாரணத்தோடு காட்டுகிறேன். மக்-ஏ என்று தேடுங்கள், பிஏ0763 வரும். நோயாளியின் சளியை ஆய்வகத் தட்டில் வளர்க்கும்போது சில கிருமிக் கூட்டங்கள் பளபளவென்று கொழகொழப்பாக வளரும், அதைப் பார்த்தாலே மருத்துவர்களுக்குக் கவலை, ஏனென்றால் அந்த நிலைக்கு மாறிவிட்ட கிருமியை விரட்டுவது மிகக் கடினம், நுரையீரலின் திறனும் அப்புறம் வேகமாகக் குறைகிறது. அந்தக் கொழகொழப்பு ஆல்ஜினேட் என்ற சர்க்கரைச் சங்கிலி. அதைத் தயாரிக்கச் சொல்லி உத்தரவிடுவது ஆல்ஜி-யு என்ற சிக்மா காரணி, மற்ற மரபணுக்களை இயக்கிவிடும் ஒரு புரதம். சாதாரணமாக அந்தக் காரணியைச் செல்லின் உள்சவ்வோடு கட்டிப்போட்டிருக்கும் கயிறுதான் மக்-ஏ புரதம். 1993-ல் வெளிவந்த ஆய்வு நோயாளிகளிடமிருந்து எடுத்த கொழகொழப்பான கிருமிகளில் மக்-ஏ உடைந்திருப்பதைக் காட்டியது. அடிக்கடி வரும் உடைப்பு எது தெரியுமா? தொடர்ந்து ஐந்து ஜி எழுத்துகள் வரும் ஓரிடத்தில் ஒரு ஜி விட்டுப்போவது. அதற்கப்புறம் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வாசிப்புச் சட்டமே நகர்ந்து புரதம் பாதியில் நின்றுவிடும், ஆல்ஜி-யு அவிழ்ந்துகொள்ளும்.

இந்தக் கதையைப் பாடநூலில் படித்தால் பெயர்கள் மட்டும் தலைக்குள் சுற்றும். தளத்தில் பக்கத்து மரபணுக்களைக் காட்டும் படத்தைத் திறந்தால் பிஏ0762 ஆல்ஜி-யு, அடுத்து பிஏ0763 மக்-ஏ, அடுத்து மக்-பி, மக்-சி, மக்-டி என்று ஒரே வரிசையில் நிற்பது தெரியும், உத்தரவிடுபவரும் அவரைக் கட்டிப்போடுபவர்களும் ஒரே குடும்பமாக ஒரே ஓபெரானில், அதாவது சேர்ந்து இயங்கும் ஒரே மரபணுத் தொகுதியில். அப்படியே வரிசையை நகலெடுத்து அந்த ஐந்து ஜி-யை உங்கள் கண்ணாலேயே தேடிப் பார்க்கலாம். பிஏ3540-க்குப் போனால் ஆல்ஜினேட் தயாரிக்கும் பன்னிரண்டு மரபணுக்கள் பிஏ3551 வரை வரிசையாக இருக்கும். மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுக்கிறவர்கள் பவர்பாயின்டைத் தூக்கி வைத்துவிட்டு இந்தப் பக்கங்களைத் திரையில் காட்டினாலே போதும்.

இது வரைக்கும் ஐந்துக்கு ஐந்து. இனிமேல்தான் பிரச்சினை.

அடுத்து லாஸ்-ஆர் என்று தேடுங்கள், பிஏ1430. கிருமிகள் தங்கள் கூட்டம் எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று சமிக்ஞை மூலக்கூறுகளால் தெரிந்துகொண்டு, ஆள் சேர்ந்ததும் ஒரே நேரத்தில் நச்சுப்பொருள்களையும் புரதத்தை அரிக்கும் நொதிகளையும் வெளியிடும் முறைக்கு கோரம் சென்சிங் என்று பெயர். அதில் தலைமை மரபணுக்களில் ஒன்று இந்த லாஸ்-ஆர். அதற்கு இரண்டு எண் தள்ளி பிஏ1432 லாஸ்-ஐ, சமிக்ஞையைத் தயாரிப்பது. நடுவில் பிஏ1431, அந்தத் தயாரிப்பை அடக்குவது. தளம் இதையெல்லாம் அழகாகக் காட்டுகிறது. வகுப்பு ஒன்று, சோதனையில் நிரூபித்தது. படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? நோயை உண்டாக்கும் முக்கியமான மரபணு, ஆகவே நோயாளியின் நுரையீரலில் இது மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும் என்று.

நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. 2006-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரே நோயாளியிடமிருந்து ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது எடுத்த கிருமியையும் 96 மாதத்தில், அதாவது எட்டு வயதில் எடுத்த கிருமியையும் முழுசாக வரிசைப்படுத்தி ஒப்பிட்டார்கள். 68 மாற்றங்கள் இருந்தன. அவற்றில் பல மரபணுவைச் செயலிழக்கச் செய்பவை, அதிலும் நோய் உண்டாக்கும் திறனுக்குத் தேவையானவை என்று நாம் படித்த மரபணுக்களே போயிருந்தன. மற்ற நோயாளிகளிலும் பார்த்தபோது லாஸ்-ஆர், மெக்ஸ்-இசட் (இதைப் பின்னால் சொல்கிறேன்) என்ற இரண்டு மரபணுக்களும் திரும்பத் திரும்ப உடைந்திருந்தன. உள்ளே நுழைவதற்குத் தேவைப்பட்ட ஆயுதங்கள் பல வருஷம் குடியிருப்பதற்குத் தேவையில்லை, சுமையாகக்கூட ஆகிவிடுகின்றன. லாஸ்-ஆர் உடைந்த கிருமி சில அமினோ அமிலங்களை உணவாக வைத்து நன்றாக வளர்கிறது, நோயாளியின் சளியில் அமினோ அமிலத்துக்குப் பஞ்சமில்லை. நகரப் பயன்படும் கசையிழை, செல்லுக்குள் நச்சை ஊசிபோலச் செலுத்தும் கருவி, நோயெதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் நீளமான வெளிச்சர்க்கரை, இவையும் காலப்போக்கில் பல நோயாளிகளில் காணாமல் போகின்றன. அதற்காக எல்லாமே அணைந்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது, லாஸ்-ஆர் போன பிறகும் ஆர்ஹெச்எல் என்ற இரண்டாவது சமிக்ஞைச் சங்கிலி உயிரோடிருக்கும் வகைகள் நோயாளிகளில் கிடைத்திருக்கின்றன.

இது எதையும் பிஏ1430 பக்கம் கண்ணில் படும்படி சொல்லாது. மரபணு ஒழுங்காக இருந்தால் என்ன செய்யும் என்பதுதான் அந்தப் பக்கத்தின் பேச்சு, அது உடைந்தால் யாருக்கு லாபம் என்பது அதற்குச் சம்பந்தமில்லாத விஷயம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரலின் கதையோ முக்கால்வாசி உடைவதன் கதை. இதைத்தான் என் பெரிய குறை என்று சொல்வேன். குறை என்றுகூடச் சொல்ல வேண்டாம், தளத்தின் நோக்கம் வேறு, ஆனால் அந்த நோக்கம் வேறு என்பதைப் புதிதாக வருகிறவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த பிஏஓ1 எங்கிருந்து வந்தது? 1950-களில் மெல்போர்னில் ஒருவருடைய காயத்திலிருந்து எடுத்தது, புரூஸ் ஹாலோவே அதை ஆய்வகத்தில் வளர்த்து உலகம் முழுக்கப் பரவியது. நுரையீரலைப் பார்த்தே இராத கிருமி. அடுத்த பிரபலமான பிஏ14, தீக்காயக்காரரிடமிருந்து எடுத்தது. அதில் எக்ஸோ-யு என்ற நச்சு உண்டு, பிஏஓ1-ல் அது இல்லை, பதிலாக எக்ஸோ-எஸ் இருக்கிறது. ஆக நாம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் படிக்க வைத்திருக்கும் இரண்டு பெரிய ஆதாரங்களும் புண்ணிலிருந்து வந்தவை.

இதற்குத் தளத்துக்குள்ளேயே ஒரு மாற்று இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை. எல்இஎஸ்பி58 என்ற வகை. லிவர்பூல் தொற்றுவகையைச் சேர்ந்தது, 1988-ல் அந்த ஊர் நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்தது. 1996-ல் லிவர்பூல் குழந்தைகள் சிகிச்சை மையத்தில் ஒரே வகை கிருமி பல குழந்தைகளிடம் இருப்பது தெரிந்தபோது உலகமே அதிர்ந்தது, அதுவரை ஒவ்வொருவரும் தனித்தனியாக மண், நீரிலிருந்துதான் இதை வாங்கிக்கொள்கிறார்கள் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் ஒருவரை ஒருவர் நேரில் சந்திக்காமல் தள்ளி இருக்க வேண்டும் என்று இன்று சொல்வதற்கு இந்த மாதிரி அனுபவங்களும் காரணம். 2009-ல் இந்த வகையின் ஜீனோம் வெளியானது, பிரிங்க்மன் குழுவுக்கும் அதில் பங்குண்டு. வைரஸ்கள் உள்ளே புகுந்து விட்டுப்போன துண்டுகளும், வெளியிலிருந்து மொத்தமாக வந்து சேர்ந்த மரபணுத் தீவுகளும் அதில் இருந்தன, அவற்றில் சிலவற்றை உடைத்துவிட்டால் எலியின் நுரையீரலில் அதன் போட்டித் திறன் குறைந்தது. தளத்தில் பிஏஓ1-ஐயும் எல்இஎஸ்பி58-ஐயும் அருகருகே வைத்து எது அங்கே இருக்கிறது, இங்கே இல்லை என்று பாருங்கள். ஒரு நல்ல செமினாருக்கு அதுவே போதுமான சரக்கு.

மெக்ஸ்-இசட் என்று சொன்னேன் இல்லையா, அது பிஏ2020. அதன் பக்கத்தில் பிஏ2019-லும் பிஏ2018-லும் மருந்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்ப்பின் பாகங்கள் இருக்கின்றன. மெக்ஸ்-இசட் அந்தப் பம்ப்பை அடக்கி வைக்கும். அது உடைந்தால் பம்ப் பெருகும். எந்த மருந்தை வெளியே தள்ளும்? அமினோகிளைக்கோசைடு வகையை, டோப்ராமைசின் உட்பட. நெபுலைசரில் வருஷக்கணக்காக டோப்ராமைசின் இழுக்கும் நோயாளியின் நுரையீரலில் எந்த மரபணு உடையும் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை. இந்த மூன்று எண்களும் தளத்தில் அடுத்தடுத்து இருப்பதைப் பார்க்கும்போது ஒரு விஷயம் பளிச்சென்று புரிகிறது: மருந்து எதிர்ப்புத்திறனுக்கு எப்போதும் வெளியிலிருந்து புதிய மரபணு வர வேண்டியதில்லை, ஏற்கெனவே உள்ள ஒரு தடை போனாலே போதும். பிளாஸ்மிட், பிளாஸ்மிட் (கிருமிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும் குட்டி டிஎன்ஏ வளையம்) என்று மட்டும் பாடம் படித்தவர்கள் இதைக் கவனியுங்கள்.

அப்புறம் பிஏ3620, மட்-எஸ். டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும்போது வரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் அமைப்பின் பாகம். 2000-ல் சயன்ஸ் இதழில் ஸ்பெயின் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு: 30 சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளில் 37 சதவீதம் பேரிடம் மிகை வேகத்தில் மாறும் கிருமிகள் இருந்தன, திடீர்த் தொற்று வந்த மற்ற நோயாளிகளின் கிருமிகளில் அது ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் மட்-எஸ் போன்ற திருத்தும் மரபணுக்களே பழுது. திருத்துபவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில்தான் பிரதியெடுப்பு அதிகம் வழுக்கும். மக்-ஏ-வில் அந்த ஐந்து ஜி நினைவிருக்கிறதா? இந்த இரண்டு பக்கங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தவருக்கு இணைப்பு தானாகவே தெரியும். தளம் அதை இணைத்துத் தராது.

இங்கே ஒரு கோரிக்கை வைக்கிறேன், அவர்கள் காதில் விழுமோ விழாதோ. கோபன்ஹேகனில் 34 இளம் நோயாளிகளிடமிருந்து பல வருஷமாகச் சேகரித்த 474 கிருமிகளை வரிசைப்படுத்தி, 2015-ல் நேச்சர் ஜெனெடிக்ஸில் வெளியிட்டார்கள். வெவ்வேறு நோயாளிகளில் தனித்தனியாக, ஆனால் மறுபடி மறுபடி மாறுகிற 52 மரபணுக்களின் பட்டியல் அதில் இருக்கிறது. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத நோயாளிகளில் ஒரே மரபணு திரும்பத் திரும்ப மாறினால் அது தற்செயல் இல்லை, நுரையீரல் அதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பொருள். இந்த மாதிரிப் பட்டியல்களை எடுத்து ஒவ்வொரு மரபணுப் பக்கத்திலும் ஒரே ஒரு வரி, 'இந்த மரபணு நாள்பட்ட நுரையீரல் தொற்றில் அடிக்கடி மாறுவது' என்று போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நம்பிக்கை வகுப்பு போடுகிற கவனம் உள்ளவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை என்பது என் எண்ணம். இப்போதைக்கு அந்தக் கட்டுரையை ஒரு ஜன்னலிலும் தளத்தை இன்னொரு ஜன்னலிலும் திறந்து வைத்துக்கொள்வதுதான் வழி.

வேறு கிருமிகளைத் தேடுபவர்களுக்கு: இதே குழு பர்க்ஹோல்டேரியா என்ற இன்னொரு நுரையீரல் கிருமிக்கும் தனித் தளம் நடத்துகிறது, பார்க்க ஏறக்குறைய இதேபோல இருக்கும். அந்தக் கிருமி எண்ணிக்கையில் குறைவான நோயாளிகளுக்குத்தான் வருகிறது, ஆனால் சிலருக்கு ரத்தத்தில் பரவி உயிரையே எடுத்துவிடும். அங்கே ஜே2315 வகையைப் பாருங்கள், மூன்று குரோமோசோம், சுமார் 80 லட்சம் எழுத்து, சூடோமோனாஸே சின்னதாகத் தெரியும். ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு இங்கே ஒன்றும் கிடையாது. அதிலும் சுவாரஸ்யமான மரபணுக் கதை உண்டு: கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக்கை நீண்ட நாள் கொடுக்கும் நோயாளிகளில் தை-ஏ மரபணு உடைந்த குட்டிக் கூட்டங்கள் உருவாகும், டிஎன்ஏ கட்டத் தேவையான தைமிடினை அவை சளியில் சிதைந்து கிடக்கும் செல்களின் டிஎன்ஏவிலிருந்து எடுத்துக்கொள்ளும், மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது, வழக்கமான தட்டில் சரியாக வளராததால் ஆய்வகத்திலும் தவறவிட வாய்ப்புண்டு. அதற்கு நீங்கள் வேறு கடைக்குத்தான் போக வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று மரபணு ரிப்போர்ட் வந்து, அதில் உள்ள மாற்றத்தின் பொருள் என்ன என்று தேடுகிறீர்களானால் இந்தத் தளம் உங்களுக்கானது இல்லை, இதில் இருப்பதெல்லாம் கிருமியின் மரபணு. உங்களுக்கு சிஎஃப்டிஆர்2 என்ற தளம்தான் வேண்டும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் நடத்துவது, நோயாளிகளின் தரவை வைத்து எந்த மாற்றம் நோயை உண்டாக்கும், எது உண்டாக்காது என்று எளிய மொழியில் சொல்கிறார்கள். அதைப் படித்துவிட்டு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த டிரைகாஃப்டா போன்ற, பழுதான சிஎஃப்டிஆர் புரதத்தை வேலை செய்ய வைக்கும் மருந்துகள் எந்த மாற்றத்துக்கு வேலை செய்யும் என்ற கேள்வியும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே. அந்த மருந்து வந்தபின் சூடோமோனாஸ் பற்றிக் கவலைப்பட வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். பலருக்குக் கிருமியின் எண்ணிக்கை நன்றாகக் குறைகிறது, இருமலும் சளியும் குறைகின்றன, ஆனால் ஏற்கெனவே நாள்பட்டுக் குடியிருந்த அதே கிருமி வரிசை பலரிடம் அப்படியே நீடிக்கிறது. மேலே சொன்ன உடைந்த மரபணுக்களோடு பழக்கப்பட்ட கிருமி அது, வீடு கொஞ்சம் சுத்தமானதும் உடனே காலிசெய்துவிடுவதில்லை.

பயன்படுத்தும்போது சில நடைமுறை விஷயங்கள். போனில் திறக்காதீர்கள், அட்டவணைகள் அகலமானவை, பெரிய திரை இருந்தால்தான் மரபணு வரைபடத்தை நகர்த்திப் பார்க்க வசதி. உங்களிடம் இருக்கும் வரிசை எந்த மரபணு என்று தெரியவில்லையா, ஒற்றுமை தேடும் பிளாஸ்ட் வசதி உள்ளேயே இருக்கிறது. முழு ஜீனோமின் விளக்கக் கோப்பையும் இறக்கிக்கொள்ளலாம், உங்கள் ஊரில் மின்சாரமும் இணையமும் எப்படி என்பதைப் பொறுத்து அதை முதலிலேயே செய்து வைப்பது நல்லது. திரிபுகளைத் தருவிக்க நினைப்பவர்கள், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிஏஓ1 சேமிப்பு, பாஸ்டனில் உருவான பிஏ14 சேமிப்பு இரண்டில் எதில் உங்கள் மரபணு உடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று மரபணுப் பக்கத்திலேயே பாருங்கள். ஆனால் ஆய்வகத்தில் ஒரு மரபணுவை மட்டும் உடைத்த சுத்தமான திரிபும், இருபது வருஷம் ஒருவருடைய நுரையீரலில் கிடந்து பல மரபணுக்கள் ஒன்றாக மாறிய கிருமியும் ஒன்றல்ல. முதலாவதில் வந்த முடிவை அப்படியே இரண்டாவதுக்குப் பொருத்தி எழுதினால் தேர்வாளர் பிடித்துக்கொள்வார்.

மதிப்பெண் கேட்டால்: தகவலின் தரத்துக்கு 5-க்கு 5, எளிமைக்கு 3, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரலைப் புரிந்துகொள்ள இது மட்டுமே என்றால் 2. மூன்றாவது மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தளத்தை ஒதுக்கிவிடாதீர்கள். பிஏ0763, பிஏ1430, பிஏ2020, பிஏ3620, இந்த நான்கு பக்கங்களில் தொடங்குங்கள். தீசிஸில் மேற்கோள் காட்டும்போது எந்தத் தேதியில் பார்த்தீர்கள், எந்தப் பதிப்பின் கோப்பை இறக்கினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள், விளக்கங்களை அவர்கள் அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.